பிக்கப் இல்லாத வண்டியும் பின்சக்கரத்துக் குளவியும்

வொர்க்ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், பில் போடும் மேஜையை விட்டுச் சண்டைபோட்டு இன்ஜின் பக்கம் வந்த தங்கச்சிக்கும் எழுதுவது.

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வாழைக்காய் பஜ்ஜி சூடாக இருந்தது, அதுதான் காரணம். நீங்கள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். முப்பத்தாறு வருடம் தென்காசியில் கார் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தவனிடம், "வண்டிக்குப் பிக்கப் கூட என்ன போடணும் அண்ணாச்சி?" என்று கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கதைகள். இரண்டிலும் முட்டாள் நான்தான் என்பதால் பயமில்லாமல் படிக்கலாம்.

கதைக்கு முன்னால் ஒரு பாலபாடம். இன்ஜின் செய்வது நாலே வேலை. இழு, நெருக்கு, வெடி, துப்பு. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும், நெருக்கும், பொறி வைத்து வெடிக்கும், புகையைத் துப்பும். வெடிக்கிற ஒரு வேலையில்தான் சக்கரத்துக்குச் சம்பாத்தியம். மற்ற மூன்றும் அதற்கான ஏற்பாடு. ஆனால் பிக்கப் குறைந்தால் கோளாறு அநேகமாக அந்த மூன்றில்தான் இருக்கும். கல்யாண வீட்டில் சாப்பாடு பிந்தினால் மாப்பிள்ளையைக் குறை சொல்லி என்ன புண்ணியம், சமையல்கட்டைத்தானே போய்ப் பார்க்க வேண்டும்?

முதல் கதை சின்னது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். வாசுதேவநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர், வண்டி சீறிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். காற்று நிறையப் போனால் இன்ஜின் நிறைய வெடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். ஏர் ஃபில்டர் டப்பாவில் ஃபோர்மேனுக்குத் தெரியாமல் ஏழெட்டு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். வண்டியின் சத்தம் ஜோராக மாறியது. அவர் சத்தத்தை வேகம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டார். அதைவிட வெட்கம், நானும் அப்படித்தான் எண்ணினேன். நான் ஓட்டை போட்டது ஃபில்டருக்கு முன்னாலா, தூசி வடிகட்டப்படாமல் நேரே உள்ளே போகும் பின்பக்கமா என்றுகூட யோசிக்கவில்லை. நாலு மாதத்தில் வண்டி, இன்ஜின் தேய்ந்து எண்ணெய் எரிய, நீலப் புகை விட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலால் தடவச் சொன்னார். தடவினேன். பல்லில் வை என்றார். வைத்தேன். நறநறவென்றது. தவிட்டுத் தூசியும் மண்ணும்.

"நாலு மாசமா இத நீ அதுக்கு ஊட்டியிருக்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஃபோர்மேன் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, கழற்றிய பழைய சாமான் எதுவானாலும், தேய்ந்த வாஷரானாலும், ஒரு பையில் கட்டி வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அது அவர்களுடைய பொருள், தூக்கிப்போட நாம் யார் என்பார். இன்னொன்று, பானெட்டைத் திறக்கும் முன்னால் வண்டிக்காரரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பார். "வண்டி ஓடுன கதைய எல்லாவனும் சொல்லுவான். சும்மா கெடந்த கதைய நீ கேளு" என்பது அவர் வாக்கு. முதல் பழக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதைக் கொஞ்சநாள் செய்துவிட்டு, பெரிய மெக்கானிக் என்று பெயர் வந்ததும் விட்டுவிட்டேன். அதற்கான தண்டனைதான் இரண்டாவது கதை.

போன வருடச் சீசன் தொடக்கம். ஆனிச் சாரல் விழ ஆரம்பித்து, ஊரில் உள்ள வாடகைக் கார் எல்லாம் குற்றாலத்துக்கும் ஸ்டேஷனுக்குமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். கீழப்பாவூரிலிருந்து முத்துக்குமார் வந்தான். கத்தாரில் ஏசி மெக்கானிக். நாற்பது நாள் லீவில் வந்திருந்தான். அவனுடைய பெட்ரோல் கார் வருடத்தில் பத்துப் பதினோரு மாதம் உறை போட்டு வீட்டு முன்னால் நிற்கும். வாரம் ஒருநாள் அவன் மனைவி உமா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் அவன் ஊரில் இல்லாதபோது ஓட்ட மாமியார் விடமாட்டாள்.

"ஊருக்குள்ள நல்லாத்தான் போவுது அண்ணாச்சி. தூரமாப் போயி மேட்டுல ஏறுனா இழுக்க மாட்டேங்கு" என்றான்.

அவன் கூடவே அவன் அம்மா பேச்சியம்மாளும் வந்திருந்தாள். காரை சர்வீஸுக்கு விட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் உள்ளே வந்ததும் நாற்காலியைக் காரின் வலது பின்சக்கரத்துக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாட்டர் வாஷ் பண்ணும் பையன் குழாயோடு வந்தபோது, கழுவ வேண்டாம் என்று விரட்டினாள். என்னைக் கூப்பிட்டு, பின்சக்கரத்துப் பக்கம் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அங்கன ஒண்ணும் தொட மாட்டியளே?" என்று இன்னொரு தடவை கேட்டாள். மாட்டோம் என்றேன். அதற்குப் பிறகுதான் டீயைக் குடித்தாள். திருஷ்டிக்கு ஏதோ கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள் போல என்று நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

முத்துக்குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கிறது. அவன் லீவில் வரும் நாளை ஒட்டித்தான் எல்லாம் திட்டம் போடுகிறார்கள். இந்தத் தடவை மருந்து, ஊசி எல்லாம் ஒழுங்காக நடந்து வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கடைசி ஊசி போட்டுக் குறிப்பிட்ட மணிக்கணக்குக்குள் போகாவிட்டால் செய்ததெல்லாம் வீண். அடுத்த வாய்ப்பு அவனுடைய அடுத்த லீவுக்குத்தான். உமாவுக்கு வயது முப்பத்தாறு. டாக்டர் வேறு, இனிமேல் நாள் கடத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"புதன்கெழமை மட்டும் வண்டி நிக்கக் கூடாது அண்ணாச்சி" என்றான்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஸ்கேனரைச் சொருகினேன். கோளாறு ஒன்றும் காட்டவில்லை. வண்டி சும்மா கிடந்த கதையைக் கேட்கத் தோன்றவே இல்லை. பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பையும் புதிதாகப் போட்டேன். அது பின்சீட்டுக்கு அடியில் மேலிருந்தே திறக்கிற வேலை, பின்சக்கரத்துப் பக்கமே போகவில்லை. போகிற போக்கில் பெட்ரோல் டேங்க் மூடியைப் பார்த்தேன். ரப்பர் வளையம் தேய்ந்து லொடலொடவென்று இருந்தது. பெட்ரோல் ஆவியாகிப் போகுமே என்று, கிச்சென்று இறுகும் புது மூடி ஒன்றைப் போட்டேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்த நல்ல காரியம் அது. பழைய சாமான்களை ஃபோர்மேன் வழக்கப்படி பையில் கட்டி டிக்கியில் வைத்தேன். இலஞ்சி வரை ஓட்டிப் பார்த்தேன். குதிரை மாதிரி போனது.

முத்துக்குமாருக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என் கௌரவம் என்ன ஆவது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். "பயப்படாத, புதன்கெழமை நானே கூட வாரேன்" என்றேன்.

புதன்கிழமை ஆறு மணிக்கெல்லாம் கீழப்பாவூர் போய்விட்டேன். முத்துக்குமார் ஓட்ட, நான் முன்சீட்டில். பின்னால் உமாவும் பேச்சியம்மாளும். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வார்த்தை இல்லை. எட்டு வருடமாகக் குழந்தை இல்லாத வீட்டில் அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தென்காசி தாண்டி, செங்கோட்டை தாண்டி, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நான் பம்பைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே வந்தேன். புளியரையில் மலை ஏறத் தொடங்கி, இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் கார் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகள் ஹாரன் அடித்தன. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் எல்லாம் எங்களையே பார்த்தன. ஒன்றும் தெரியாதவன் செய்கிற முதல் வேலை பானெட்டைத் திறப்பது. நான் திறந்தேன். கையோடு கொண்டுவந்த சின்ன ஸ்கேனரைச் சொருகினேன். பெட்ரோல் அழுத்தம் குறைவு என்று காட்டியது. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை தம்பிமாரே, அது ஒருநாளும் பொய் சொல்லாது. ஏன் குறைவு என்று மட்டும் சொல்லாது.

புது பம்ப், புது ஃபில்டர், அரை டேங்க் பெட்ரோல். அழுத்தம் எப்படிக் குறையும்? கால்மணி நேரம் விழித்துக்கொண்டு நின்றேன். பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. எல்லோரும் ஏறினோம். ஒரு கிலோமீட்டர் போயிருக்காது, மறுபடி இருமல், மறுபடி நின்றது. முத்துக்குமார் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் போன் போட்டான். வாடகைக் கார் எல்லாம் சீசன் சவாரியில், ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை. மணி அப்போதே ஏழேகால். எட்டு மணிக்குள் மலையைத் தாண்டினால்தான் பத்து மணி நிச்சயம்.

உமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தாள். யாருடைய வாழ்க்கையோ என் வாய்ச்சவடாலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஃபோர்மேன் நினைவுக்கு வந்தார். ஓடின கதை எனக்குத் தெரியும், கண் முன்னால் நடக்கிறது. ஓடினால் நிற்கிறது, கொஞ்சநேரம் சும்மா விட்டால் கிளம்புகிறது. சும்மா கிடந்த கதை? நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பின்கதவுப் பக்கம் போய்க் குனிந்து கேட்டேன். இந்தப் பத்து மாதத்தில் வண்டி எப்படிக் கிடந்தது, பக்கத்தில் யார் போனது, எலி வந்ததா, அணில் வந்ததா, எதுவானாலும் சொல்லுங்கள் என்றேன்.

உமா யோசித்து, ஒன்றுமில்லையே என்றாள். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். எனக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது.

"அக்கா, அந்தப் பின்சக்கரத்துப் பக்கம் என்ன இருக்கு?" என்றேன்.

"சொன்னா உடைச்சிருவிய" என்றாள்.

"உடைக்க மாட்டேன். சொல்லுங்க."

"குளவி கூடு கட்டியிருக்கு" என்றாள்.

நம் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாததில்லை. வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள், யாரும் அதைக் கலைக்க மாட்டார்கள். பேச்சியம்மாள் தை மாதத்தில் ஒருநாள் வாசல் தெளிக்கும்போது, குளவி ஒன்று மண்ணை உருட்டிக்கொண்டு காரின் வலது பின்சக்கரத்துக்கு மேலே, தகரத்துக்கு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறாள். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மகன் சிரிப்பான், மருமகள் படித்தவள், கணக்கு டீச்சர், அவளும் சிரிப்பாள் என்று நினைத்தாள். மருமகளை வண்டி எடுக்க விடாததற்கும் அதுதான் காரணம்.

எனக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. பெட்ரோல் டேங்க் மூச்சுவிடும் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. கடையில் எண்ணெய் டின்னை உடைக்கும்போது ஏன் இரண்டு ஓட்டை போடுகிறார்கள்? ஒரு ஓட்டையில் எண்ணெய் வர, இன்னொன்றில் காற்றுப் போக வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் மடக் மடக்கென்று ஊற்றி நின்றுவிடும். பெட்ரோல் டேங்கும் அதேதான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். குளவி அந்த வாயை மண் வைத்துப் பூசிவிட்டது. ஐந்து நிமிடம் ஓடினால் தெரியாது. ஊருக்குள் சுற்றினால் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடி, மேட்டில் நிறையப் பெட்ரோல் கேட்கும்போதுதான், டேங்குக்குள் காற்றில்லாமல் பம்ப் தோற்றுப்போகும்.

அப்படியானால் முன்பெல்லாம் மேட்டில் இழுக்காமல் மட்டும்தானே இருந்தது, இன்றைக்கு ஏன் அடியோடு நின்றது? அங்கேதான் என் திறமை இருக்கிறது. தேய்ந்துபோன அந்தப் பழைய மூடி வழியாகக் கொஞ்சம் காற்றுக் கசிந்து வண்டி உயிர் பிழைத்து வந்தது. நான் கிச்சென்று புது மூடி போட்டு அந்த வழியையும் அடைத்துவிட்டேன். குளவி பாதி செய்த வேலையை முடித்துவைத்தவன் நான்.

ஓடிப்போய் மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் நின்று நிதானமாகக் கேட்டது. முத்துக்குமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஏசி மெக்கானிக் அல்லவா. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தை நோக்கிப் போனான். பேச்சியம்மாள் அதற்குள் இறங்கி வந்து, சாரலில் நனைந்துகொண்டு, சக்கரத்துக்கு முன்னால் நின்றாள்.

"வழிய விடும்மா. டாக்டர் குடுக்காத பிள்ளையவா குளவி குடுக்கப் போவுது?" என்றான்.

"எட்டு வருசமா நம்ம வீட்டுல ஒரு கூடு கட்டலடா. வெள்ளையடிச்ச சொவரு, விட்டம், ஜன்னலு எல்லாத்தையும் தெனமும் பாப்பேன். கட்டுனது இங்கன ஒண்ணுதான்" என்றாள் பேச்சியம்மாள். "அவ ஊசி குத்திக் குத்தி கையெல்லாம் கன்னிப்போயிக் கெடக்கா. எனக்குச் செய்யத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

உமா கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் தன்னை வேண்டாத மருமகளாக நினைக்கிறாள் என்று அவள் எத்தனை வருடமாக நம்பியிருந்தாளோ. இறங்கி வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அத உடைக்காம வண்டி போவுமா?" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சரியான வைத்தியம் கூட்டைத் தட்டிவிடுவது. அரை நிமிட வேலை. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான். ஆனால் அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும்? மாமியாரின் கூட்டை உடைத்துவிட்டு அழுதுகொண்டு போய்ப் படுக்க வேண்டுமா? இன்ஜினுக்கு வேண்டியது காற்று. அது எந்த வழியாக வருகிறது என்று இன்ஜின் கேட்காது. நாம்தான் கேட்கிறோம்.

டிக்கியைத் திறந்தேன். ஃபோர்மேன் வழக்கப்படி நான் கட்டி வைத்த பை அங்கேயே இருந்தது. அதற்குள் அந்தப் பழைய லொடலொட மூடி. அதிலிருந்த ரப்பர் வளையத்தையும் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு டேங்கில் போட்டேன். இதை நீங்கள் வழக்கமாகச் செய்யக்கூடாது, பெட்ரோல் ஆவி வெளியே வரும், ஆபத்து. டேங்க் பாதிதான் இருந்தது, வழியில் யாரும் நெருப்பு பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

"போவும்மா. நீங்க ஏறுங்க" என்றேன்.

போனதே! புளியரை மலையை அந்த வண்டி ஏறிய அழகை நான் என்னவென்று சொல்ல. கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு தாண்டி, ஒரு இருமல், ஒரு தும்மல் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மாள் நனைந்த தலையோடு நடுச்சீட்டுக்கு நகர்ந்திருந்தாள். உமா தன் துப்பட்டாவால் மாமியாரின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அத்த, நானும் வந்து பாத்திருப்பேன்லா" என்றாள். பேச்சியம்மாள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. முத்துக்குமார் கியரை மாற்றினான். என் முப்பத்தாறு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு இன்ஜின் சத்தத்தைக் கேட்டதில்லை.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அவர்கள் உள்ளே போனார்கள். நான் எதிர்க்கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டும் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் வண்டியை ஒருநாள் என்னிடம் விடச் சொன்னேன். கூட்டை எடுத்துவிடட்டுமா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றாள். அதனால் கூட்டுக்கு முன்னால், டேங்க் பக்கமாக மூச்சுக்குழாயை வெட்டி, ஒரு கிளை இணைப்பு வைத்து, நுனியில் சின்ன ஃபில்டரோடு புது வழி ஒன்று மேலே கொண்டுபோய்க் கட்டினேன். கச்சிதமான புது மூடியையும் திரும்பப் போட்டேன். பிக்கப் கூட என்ன போட வேண்டும் என்று கேட்டீர்களே, என் வாழ்நாளில் நான் கூடுதலாகப் பொருத்திய ஒரே பெர்ஃபார்மன்ஸ் சாமான் அந்த ஒரு முழ ரப்பர் குழாய்தான்.

இந்த வருடச் சீசனில், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், அந்தக் கார் மறுபடி வொர்க்ஷாப்புக்கு வந்தது. முத்துக்குமார் கத்தாரில் இருந்தான். உமாதான் ஓட்டி வந்தாள். பின்சீட்டில் பேச்சியம்மாள், மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை. செம்மண் கூடு என்றால் பெண், களிமண் கூடு என்றால் ஆண் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கீழப்பாவூரில் குளவிக்குச் செம்மண்ணை விட்டால் வேறு என்ன கிடைக்கும் என்று நான் கேலி பண்ணினேன். "கணக்கு சரியாத்தான வந்திருக்கு" என்றாள் கணக்கு டீச்சர்.

என்ன வேலை என்று கேட்டேன். பேச்சியம்மாள் குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய இடத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நம் ஜாப் கார்டில் 'வாடிக்கையாளர் சொன்ன குறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன வருடக் கார்டை எடுத்துப் பார்த்தேன். 'மேட்டில் பிக்கப் இல்லை' என்று மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. அன்றைக்குப் பேச்சியம்மாள் இரண்டு தடவை கேட்டதை நான் எழுதவே இல்லை. அவள் சொன்னதில் பாதியை எழுதியிருந்தாலும் அந்த மலையில் நாங்கள் நனைந்திருக்க வேண்டியதில்லை. எனவே இந்தத் தடவை பேனாவை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்து விடாமல் எழுதினேன்.

'குளவி போயிட்டு. கூட்ட உடையாம எடுத்துத் தரணும். பிள்ளைக்குக் காட்டணும்.'

வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். குளவிக்குஞ்சு எப்போதோ பறந்துபோன வட்டமான ஓட்டையோடு, உள்ளங்கை அளவு செம்மண் கூடு. சாணை பிடித்த மெல்லிய கத்தியால், தகரத்தோடு ஒட்டிச் சீவிச் சீவி எடுத்தேன். தட்டிவிட்டால் அரை நிமிட வேலை. எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. விளிம்பு கூட உதிராமல் பேச்சியம்மாள் கையில் கொடுத்தேன்.

கழற்றிய சாமான் அவர்களுடையதுதானே.